நன்கொடை வேண்டுகோள்: பல்கலைக்கழக இயற்கைக் காப்பகத்துக்கும் கள ஆய்வு நிலையத்துக்கும் ஒரு நிரந்தரப் பராமரிப்பு நிதி

அன்புடையீர்,

வணக்கம். பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் இருக்கும் இயற்கைக் காப்பகத்தையும், அதற்குள் இயங்கும் கள ஆய்வு நிலையத்தையும் பராமரிக்க ஒரு நிரந்தர நிதி திரட்டத் தொடங்கியிருக்கிறோம். இங்கே படித்தவர்கள், ஆய்வு செய்தவர்கள், ஒரு காலைப்பொழுது பறவை பார்க்க வந்து போனவர்கள், இந்த நிலத்தை ஒட்டி வாழ்பவர்கள் என எல்லாரிடமும் உதவி கேட்டு இதை எழுதுகிறோம்.

எதற்குக் கேட்கிறோம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். புதுக் கட்டடத்துக்காகக் கேட்கவில்லை, புதிய ஆய்வு தொடங்கவும் கேட்கவில்லை. மழைமானியைப் பார்த்து எழுதுபவருக்கும், எல்லையைச் சுற்றி வரும் காவலருக்கும் மாதச் சம்பளம் தவறாமல் போய்ச் சேர வேண்டும். கூரை ஒழுகினால் அடுத்த மழைக்குள் அதைச் சரிசெய்ய வேண்டும். சோலார் பேட்டரி செயலிழந்தால் அடுத்த நிதியாண்டுவரை காத்திருக்கக் கூடாது. இவ்வளவுதான். கேட்க மிகச் சாதாரணமாக இருக்கும். ஆனால் ஒரு கள நிலையம் நிலைப்பதும் நின்றுபோவதும் இந்தச் செலவுகளில்தான் இருக்கிறது.

ஆய்வுத் திட்டங்களுக்குப் பணம் வரத்தான் செய்கிறது. ஒரு பேராசிரியர் விண்ணப்பிக்கிறார், இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு நிதி கிடைக்கிறது. அதில் கருவி வாங்கலாம், மாணவருக்கு உதவித்தொகை கொடுக்கலாம், பயணச் செலவு எழுதலாம். திட்டம் முடிந்த மறுநாளும் கருவி அதே இடத்தில் நிற்கும். அதற்குப் பேட்டரி மாற்றவோ, சென்சாரின் அளவு பிசகியிருக்கிறதா என்று சோதித்துத் திருத்தவோ பணம் ஒதுக்கியிருக்க மாட்டார்கள். அளந்து பழகிய கள உதவியாளரின் ஒப்பந்தமும் அன்றே முடிந்துவிடும். புதுத் திட்டம் வந்ததும் புது ஆள் வருவார், எல்லாவற்றையும் முதலிலிருந்து கற்றுக்கொள்வார். இடையில் போன மாதங்களின் அளவுகளை எவ்வளவு பணம் கொடுத்தாலும் பின்னால் வாங்க முடியாது.

மழைமானியையே எடுத்துக்கொள்ளுங்கள். பார்க்க எளிய கருவி. துல்லியமான வாயகலம் கொண்ட ஒரு புனல், அதன்கீழ் நீர் சேரும் கலன், அளக்க ஒரு கண்ணாடிக் குடுவை. தினமும் காலையில் ஒரே நேரத்தில் போய், குடுவையைச் சமதளத்தில் வைத்து, கண்ணை நீர்மட்டத்துக்கு இறக்கி, வளைந்து நிற்கும் நீர்ப்பரப்பின் அடிப்பகுதி எந்தக் கோட்டில் இருக்கிறது என்று பார்த்து எழுத வேண்டும். நின்றபடி மேலிருந்து பார்த்தால் அளவு மாறிவிடும். புனலின் துளையை ஒரு சருகு அடைத்துக்கொண்டாலோ சிலந்தி உள்ளே கூடு கட்டிக்கொண்டாலோ, இரவெல்லாம் கொட்டிய மழை புனலிலேயே தேங்கி வழிந்துவிடும், கலன் காய்ந்து கிடக்கும். தானியங்கி மழைமானிக்கும் இதே கதிதான். அது பாட்டுக்குப் பூஜ்யம், பூஜ்யம் என்று பதிந்துகொண்டே போகும். அளக்காமல் விட்ட நாளை வெற்றிடமாக விட்டுவைத்தால், பின்னால் வருகிறவர் அங்கே எச்சரிக்கையாக இருப்பார். பொய்யான பூஜ்யத்தைப் பார்த்தால் வறட்சி என்று நம்பிவிடுவார். அதனால் எங்கள் கள உதவியாளர் அளப்பதற்கு முன் புனலில் விரல் விட்டுத் துளை திறந்திருக்கிறதா என்று பார்ப்பார். எந்த ஆய்வு நிதியிலும் இந்த வேலைக்கென்று ஒரு செலவுத் தலைப்பு கிடையாது.

உண்மையான பூஜ்யத்தின் மதிப்போ மிகப் பெரியது. கலிபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான ஜாஸ்பர் ரிட்ஜ் காப்பகத்தில், செக்கர்ஸ்பாட் என்னும் வண்ணத்துப்பூச்சியை உயிரியலாளர் பால் எர்லிக் 1960-இல் கணக்கெடுக்கத் தொடங்கினார். 1990-களின் இறுதியில் அது அங்கே இல்லாமல் போயிற்று. ஆண்டுக்கு ஆண்டு மழை ஏறுமாறாகப் பெய்ததோடு அந்த அழிவைத் தொடர்புபடுத்திப் பேச முடிந்தது, நடுவில் விடாமல் எண்ணி வந்ததால்தான். உலகத்தில் எத்தனையோ பூச்சியினங்கள் எண்ணுவார் இல்லாமலே ஓரிடத்திலிருந்து மறைந்துபோகின்றன. எப்போது போயின, எதனால் போயின என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை.

மரங்களுக்கும் இதே கவனம் வேண்டும். ஆய்வுப் பரப்பில் உள்ள ஒவ்வொரு மரத்திலும் எண் பொறித்த ஓர் அலுமினியத் தகடு ஆணியில் தொங்கும். ஆணியை முழுக்க அடித்துவிடக் கூடாது. பாதியளவு வெளியே விட வேண்டும். மரம் பருக்கப் பருக்கப் பட்டை ஆணியை விழுங்கிக்கொண்டே வரும். கவனிக்காமல் விட்டால் தகடும் உள்ளே போய்விடும், அந்த மரம் யாரென்று தெரியாமல் போய்விடும். சுற்றளவைத் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் எடுக்கிறோம். அதே இடத்தில் மறுபடி எடுப்பதற்காகப் பெயின்டில் ஒரு கோடு போட்டு வைக்கிறோம், ஆணி அந்தக் கோட்டுக்கு அருகில் வராமல் பார்த்துக்கொள்கிறோம். ஆணி அடித்த இடம் புடைத்துக்கொண்டால், மரம் வளராமலே வளர்ந்ததாக அளவு காட்டும். முதுமலையில் இந்திய அறிவியல் கழகம் 1988-இல் 50 ஹெக்டேர் பரப்பை வகுத்து, 1 சென்டிமீட்டர் விட்டத்துக்குக் குறையாத ஒவ்வொரு மரத்தையும் எண்ணிட்டுக் கண்காணித்து வருகிறது. அங்கே யானை ஒடித்ததால் சாய்ந்தது எது, தீயில் போனது எது, வறட்சியில் காய்ந்தது எது என்று பிரித்துச் சொல்ல முடிவதற்கு ஒரே காரணம், ஆண்டுதோறும் ஆட்கள் நேரில் போய் ஒவ்வொரு மரத்தின் முன்னாலும் நிற்பதுதான்.

இனிக் காப்பகத்தைப் பற்றி. நிலத்தைச் சுற்றி வேலி போட்டுப் பூட்டிவிட்டால் இயற்கை தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் என்று பலர் நம்புகிறார்கள். களைச்செடிகள் விஷயத்தில் அது நடக்கவே நடக்காது. வெளியிலிருந்து வந்த செடி ஒன்று ஓடைக்கரையில் முளைத்தால், அதை முதல் பருவத்தில் ஒருவர் கையால் பிடுங்கிவிடலாம். பூத்து விதை உதிர்த்துவிட்டால் பல ஆண்டு வேலை. உண்ணிச்செடி போன்றவற்றை மேலாக வெட்டினால் அடுத்த மழைக்குள் இன்னும் அடர்ந்து தழைக்கும். வேரோடு எடுத்த பிறகும் அதே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போய் முளைத்த நாற்றுகளைப் பிடுங்க வேண்டும். ஒரு திட்டத்தின் பெயரில் ஒருமுறை வெட்டிவிட்டுப் போவதால் பயனில்லை. அதற்குப் பணம் கொடுப்பவர் கிடைக்கிறார். திரும்பிப் போய்ப் பார்க்கும் வேலைக்குத்தான் யாரும் கிடைப்பதில்லை.

தீத்தடுப்புக் கோடுகளும் அப்படித்தான், வறட்சி தொடங்குமுன் ஆண்டுதோறும் செதுக்கியாக வேண்டும். அக்கம்பக்கத்து மக்களோடு உள்ள உறவை நாங்கள் இன்னும் பெரிதாக நினைக்கிறோம். இந்த நிலம் காப்பகம் ஆவதற்கு முன்பே மாடு ஓட்டிப் போனவர்களும் விறகு பொறுக்கியவர்களும் இருந்தார்கள். அவர்களை ஊடுருவியவர்களாக நடத்தும் காவலர் ஒருவர் போதும், பல ஆண்டு நல்லுறவு கெட்டுவிடும். எந்தப் பக்கம் புகை தெரிகிறது, எங்கே கண்ணி வைத்திருக்கிறார்கள் என்று முதலில் வந்து சொல்பவர்கள் அவர்கள்தாம். அவர்களுக்குப் பெயர் தெரிந்த, பல ஆண்டுகள் அதே பணியில் இருக்கிற ஒருவர் இங்கே இருந்தால்தான் வந்து சொல்வார்கள்.

நிலையத்தின் மேலாளருக்கு வெளியே தெரியாத இன்னொரு வேலை உண்டு. ஒரு குழு தவளைகளின் குரலைப் பதிவு செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு குழு ஜெனரேட்டர் வைக்க அனுமதி கேட்கும். ஒருவர் தொடவே கூடாது என்று விட்டுவைத்த பரப்பில் இன்னொருவர் மண் மாதிரி எடுக்க விரும்புவார். எந்த இடத்தில் யார், எந்த ஆண்டு, என்ன செய்தார்கள் என்று குறித்த வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, சரி என்றும் கூடாது என்றும் சொல்ல வேண்டியவர் அவர். ஆய்வு முடித்துப் போனவர்கள் விட்டுச்சென்ற இரும்பு முளைகளையும் பிளாஸ்டிக் குழாய்களையும் வண்ண நாடாக்களையும் பொறுக்கி எடுப்பதும் அவர் பொறுப்பே.

குறிப்பேடுகளுக்கும் சேர்த்தே கேட்கிறோம். பழைய களக் குறிப்பேடுகளை ஸ்கேன் செய்து, எண்களைத் தட்டச்சு செய்து, மூன்று வெவ்வேறு இடங்களில் பிரதி வைக்க வேண்டும். இன்றைக்குப் பயனில்லை என்று தோன்றும் எண்ணும் அதில் இருக்கும். அமெரிக்காவின் ஹப்பர்டு புரூக் காட்டில் 1963-இல் ஓடைநீரையும் மழைநீரையும் சேகரிக்கத் தொடங்கியவர்கள், காட்டுக்குள் சத்துகள் எப்படிச் சுழல்கின்றன என்று அறியவே போனார்கள். மழைநீர் அமிலமாக இருந்தது அளந்தபோதுதான் தெரிந்தது. தொடர்ந்து சேர்த்த அந்த அளவுகள் 1990-இல் அந்நாட்டின் தூய காற்றுச் சட்டம் திருத்தப்பட்டபோது பயன்பட்டன. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் வைதம் காட்டில் 1947 முதல் பட்டாணிக்குருவிகளின் கூடுகளைப் பார்த்து வருகிறார்கள். தொடங்கியபோது பருவநிலை மாற்றம் பேச்சிலேயே இல்லை. அந்தக் குருவிகள் 1960-களில் முட்டையிட்டதைவிட ஏறக்குறைய இரண்டு வாரம் முந்தி இப்போது முட்டையிடுவது, அந்தப் பழைய நோட்டுகள் இருந்ததால் தெரியவந்தது. எங்கள் நோட்டுகளில் என்ன காத்திருக்கிறது என்று இன்றைக்குச் சொல்ல முடியாது. அவற்றைக் கரையானுக்குக் கொடுத்துவிடக் கூடாது என்று மட்டும் உறுதியாக இருக்கிறோம்.

நிதியின் அமைப்பு இது. நீங்கள் தரும் தொகை அசலாக வைப்பில் இருக்கும், அதைத் தொட மாட்டோம். அதிலிருந்து வரும் வருமானத்தில் ஒரு பகுதியை விலைவாசி உயர்வை ஈடுகட்ட அசலோடு சேர்ப்போம். மீதியை முதலில் சம்பளத்துக்கும், அடுத்து கருவிகளின் பராமரிப்புக்கும், பிறகு களை எடுப்புக்கும் குறிப்பேட்டுப் பணிக்கும் செலவிடுவோம். இந்த வரிசை மாறாது. பல்கலைக்கழகத்தின் பொதுக் கணக்கோடு இது கலக்காது. ஆண்டுதோறும் வெளித் தணிக்கையாளர் பார்த்த கணக்கை நன்கொடையாளர் எல்லாருக்கும் அனுப்புவோம். நிலையம் என்றாவது மூடப்படும் நிலை வந்தால், மீதித் தொகை குறிப்பேடுகளையும் மாதிரிகளையும் பாதுகாப்பதற்கு மட்டுமே போகும் என்று விதிகளில் எழுதியிருக்கிறோம்.

ஒரே தவணையில் தரலாம். மாதாமாதம் சிறு தொகையாகத் தருவது எங்களுக்கு இன்னும் நல்லது, சம்பளமும் மாதாமாதம்தானே. பழைய மாணவர்கள் ஒரு வகுப்பாகச் சேர்ந்து ஒரு கள உதவியாளரின் ஓராண்டுச் சம்பளத்தை ஏற்கலாம். உயிலில் எழுதிவைக்க விரும்புவோர் முன்கூட்டிக் குழுவிடம் பேசினால் சட்டச் சிக்கல் வராமல் பார்த்துக்கொள்ளலாம். பழைய கருவிகளைத் தர விரும்புவோர் முதலில் கேட்டுவிட்டு அனுப்புங்கள். உதிரிபாகம் கிடைக்காத கருவி எங்களுக்கு உதவியாகாது. பயன்படுத்தும் நிலையில் உள்ள பைனாகுலர், டார்ச், மழைக்கோட்டு, முதலுதவிப் பெட்டி எல்லாம் உடனே வேலைக்கு வரும்.

ஒன்றை மட்டும் ஏற்க மாட்டோம். இந்த நிலத்தைப் பாதிக்கும் தொழிலில் ஈடுபட்டிருப்போரிடமிருந்தோ, ஆய்வு முடிவு இப்படி வர வேண்டும் என்ற நிபந்தனையோடோ வரும் பணம் எவ்வளவு பெரிதானாலும் வேண்டாம். மரங்களிலும் பாதைகளிலும் கொடையாளர் பெயர்ப்பலகை வைப்பதும் இல்லை. பெயர்கள் ஆண்டறிக்கையில் தொகை குறிப்பிடாமல் அகர வரிசையில் வரும். வேண்டாம் என்று சொல்பவர்களின் பெயர் வராது.

நன்கொடைப் படிவமும் வங்கி விவரமும் பல்கலைக்கழக நிதி அலுவலகத்திலும் நிலையத்தின் வரவேற்பறையிலும் கிடைக்கும். காசோலை எழுதுவோர் பராமரிப்பு நிதிக்கு என்று பின்புறம் தெளிவாகக் குறிப்பிடுங்கள், இல்லாவிட்டால் அது பொதுக் கணக்குக்குப் போய்விடும். எல்லாத் தொகைக்கும் ரசீது உண்டு. கொடுப்பதற்கு முன் நேரில் பார்க்க விரும்பினால் காலையில் வாருங்கள். மழைமானி, ஆய்வுப் பரப்பு, நோட்டுகள் வைத்திருக்கும் அறை எல்லாவற்றையும் கள உதவியாளரே கூட்டிப்போய்க் காட்டுவார்.

இப்படிக்கு,
காப்பகம் மற்றும் கள நிலையப் பராமரிப்பு நிதிக் குழு