"தோட்டப் புத்தி" என்று சொன்னவருக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் வட்டாரத்தில் கணக்குத் தொழில் செய்வோரின் இரண்டு சங்கங்கள் ஒன்றாக இணையாமல் போனது பற்றித் தங்கள் நாளேட்டில் வந்த செய்தியைப் படித்தேன். செயலவையின் விளக்கம் மட்டுமே அதில் இருந்தது. நான் இணைப்புக்கு ஆதரவாக வாக்களித்தவன். ஆனாலும் எதிர்த்து வாக்களித்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. ஒரு சங்கம் எங்களைப் போன்ற தோட்டத்துக் கிராணிமார்களுடையது, அதாவது தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் குமாஸ்தாக்களுடையது. மற்றது பட்டணத்தில் கணக்கு அலுவலகம் நடத்துவோரும் வருமான வரிப் படிவம் செய்து கொடுப்போரும் சேர்ந்து அமைத்தது. பெரும்பாலும் பட்டம் படித்த பிள்ளைகள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, பிறகு கணினி வந்தது. தோட்டத்து ஆபீசில் நாற்காலிகள் குறைந்துகொண்டே போயின. இன்று எங்கள் சங்கத்தில் நரைக்காத தலையைத் தேடித்தான் பார்க்க வேண்டும். அவர்களிடம் ஆள் இருக்கிறது. எங்களிடம் சொந்தக் கட்டடமும் மரண சகாய நிதியும் இருக்கின்றன. சேர்ந்தால் இரு தரப்புக்கும் நல்லது என்று நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

எங்கள் விதிப்படி மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் வேண்டும். விரல்விட்டு எண்ணக்கூடிய வாக்குகளில் தவறிப்போனது. முடிவு அறிவித்த சூட்டோடு சூடாக, எங்கள் செயலவைக்காரர் ஒருவரே, ஒலிபெருக்கி அணைக்கப்படாதது தெரியாமல், "தோட்டத்தை விட்டு வந்தாலும் தோட்டப் புத்தி போகாது" என்றார். மண்டபமே கேட்டது. அன்று பசியாறாமல் வீடு திரும்பியவர்களில் நானும் ஒருவன்.

அந்தத் தோட்டப் புத்தி என்ன செய்தது தெரியுமா? இணைப்பு வரைவை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தது. விடியற்காலையில் தொழிலாளர்கள் அணிவகுக்கும் பிரட்டுக் களத்தில் நின்று செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பேர் குறித்து, மாதக் கடைசியில் ஒரு சதம் இடித்தாலும் விளக்கைக் கொளுத்திக்கொண்டு அது எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடியவர்கள் இவர்கள். லண்டன் வணிகச் சபையின் கணக்குப்பதிவுத் தேர்வைத் தபால் வழியில் படித்து எழுதியவர்களும் இவர்களில் உண்டு. வரைவின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு விதி இருந்தது. உயர்கல்விச் சான்றிதழ் இல்லாதவர்கள் புதிய சங்கத்தில் "இணை உறுப்பினர்" ஆவார்களாம். சந்தா உண்டு, வாக்கு கிடையாது. மரண சகாய நிதியை இனி யார் நிர்வகிப்பது என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. கட்டடத்தையும் நிதியையும் கொடுத்துவிட்டுத் திண்ணையில் உட்கார் என்றால் யார்தான் கை தூக்குவார்கள்? இதை நான் வாக்களித்த பிறகுதான் படித்தேன் என்று சொல்ல வெட்கமாகவே இருக்கிறது. நானும் கிராணிதான்.

மேடையில் 1954ஐ இழுத்தார்கள். தனித்தனியே இயங்கிய தோட்டத் தொழிலாளர் சங்கங்கள் அந்த ஆண்டு ஒன்றுகூடித் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமாயின, பி.பி. நாராயணன் அதை வழிநடத்தினார், படிக்காத பாட்டாளிகளால் முடிந்தது உங்களால் முடியாதா என்று கேட்டார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவனுக்கு எதிரில் ஒரே முதலாளித் தரப்பு, ஒரே சம்பளப் பிரச்சினை. அங்கே எண்ணிக்கைதான் பலம். தொழில்முறைச் சங்கத்தின் பலம் வாசலில் இருக்கிறது: யாரை உள்ளே விடுவது, எந்தப் பெயரால் அழைப்பது என்பதில். 1967ஆம் ஆண்டுக் கணக்காளர் சட்டப்படி, மலேசியக் கணக்காளர் கழகத்தில் பதிந்துகொள்ளாதவர் தம்மைக் கணக்காளர் என்று சொல்லிக்கொண்டு தொழில் நடத்த முடியாது. பட்டணத்துப் பிள்ளைகள் அந்தப் பெயருக்காகப் பல ஆண்டுகள் பரீட்சை எழுதியவர்கள். கிராணியும் அவர்களும் ஒரே பட்டியலில் வந்தால் பெயரின் மதிப்பு இறங்கிவிடும் என்ற அச்சம் அவர்களுக்கு இருந்திருக்கலாம். அதில் தவறில்லை. அதை எங்கள் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாம். பின்பக்கத்தில் ஒளித்து வைத்ததுதான் தவறு.

"உலகத்தில் எங்கும் நடக்காத அவமானம்" என்றும் ஒருவர் பேசினார். இங்கிலாந்து-வேல்ஸ் பட்டயக் கணக்காளர் கழகம் 2005இல் பொதுநிதிக் கணக்காளர் கழகத்தோடு இணையப் பார்த்தது. பெரும்பான்மையினர் ஆதரித்தும், தேவையான மூன்றில் இரண்டு பங்குக்கு ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான வித்தியாசத்தில் அது கவிழ்ந்தது. அதற்கு முன் 1970இல் ஆறு அமைப்புகளை ஒன்றாக்கும் திட்டத்தையும் அதே கழகத்து உறுப்பினர்கள்தான் தோற்கடித்தார்கள். அங்கே தடுத்தவர்கள் பெரிய வீட்டுக்காரர்கள். அவர்களை யாரும் தோட்டப் புத்திக்காரர்கள் என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

செயலவைக்கு என் வேண்டுகோள் இவ்வளவுதான். வரைவு முழுவதையும் அச்சிட்டு ஒவ்வோர் உறுப்பினர் வீட்டுக்கும் அனுப்புங்கள். வாக்கைப் பறிக்கும் அந்த விதியை எடுத்துவிட்டு, நிதிக்குத் தனி அறங்காவலர்களை நியமிப்பதாக எழுதிக் கொடுங்கள். அடுத்த ஆண்டு மறுபடியும் கூட்டம் போடுங்கள். நான் வருகிறேன், இந்த முறை படித்துவிட்டு வருகிறேன்.

இன்னொன்று. இணைப்பு விருந்துக்கென்று முன்கூட்டியே மண்டபத்துக்கு முன்பணம் கட்டிவிட்டார்களாம். அதை எந்தச் சங்கத்துச் செலவில் எழுதுவது என்று எங்கள் பொருளாளர் என்னிடம் கேட்கிறார். அதற்கும் ஒரு பதில் வந்தால் ஆண்டுக் கணக்கை முடிக்க வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பெரிய கிராணி,
சுங்கை சிப்புட், பேராக்.