ஜிம்மிக்குக் கொழுப்பு இல்லை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முட்டி வலி குறைந்ததில் நிம்மதி, நடப்பதை மட்டும் விட்டுவிடாதே. இங்கே எல்லோரும் நலம். மகள் அடுத்த மாதம் வேலை மாறிப் போகிறாள், வீடு இப்போதே வெறிச்சென்று இருக்கிறது, அதை அப்புறம் எழுதுகிறேன்.

முதலில் உன் நாய் ஜிம்மி விஷயம். காய்ச்சலின்போது பத்து நாள் கோழிக்கறி கொடுத்துவிட்டுப் பழைய உலர்தீனிக்குத் திரும்பியதும், தட்டை முகர்ந்துவிட்டு உன் முகத்தையே பார்க்கிறது, கொழுப்பெடுத்துப் போச்சு என்று எழுதியிருந்தாய். அந்த வரி மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. கொழுப்பெல்லாம் இல்லை. அதற்குக் கோழிக்கறி ஞாபகம் இருக்கிறது, அவ்வளவுதான்.

1928-இல் டிங்கில்பா என்ற அமெரிக்க உளவியலாளர் செய்த சோதனை ஒன்று உண்டு. குரங்கின் கண்ணெதிரே வாழைப்பழத் துண்டைக் கிண்ணத்துக்கு அடியில் வைப்பார். பிறகு ஒரு மறைப்பை இழுத்துவிட்டு, குரங்குக்குத் தெரியாமல் பழத்தை எடுத்து லெட்டூஸ் என்ற கீரை இலையை வைத்துவிடுவார். குரங்கு ஓடிவந்து கிண்ணத்தைத் தூக்கும், கை இலையை நோக்கி நீளும், தொடாமல் அப்படியே கீழே விழும். சுற்றிச் சுற்றித் தேடும், கிண்ணத்துக்குள் மறுபடி பார்க்கும், சில நேரம் பார்த்துக்கொண்டிருப்பவர்களைப் பார்த்துக் கத்தும். இத்தனைக்கும் மற்ற நேரத்தில் அதே இலையைத் தின்கிற குரங்குதான். இதைப் படிக்கும்போதெல்லாம் அந்தக் கை கீழே விழுகிற இடத்தில் நின்றுவிடுகிறேன்.

எலிகளிடம் இதை அளந்தே காட்டியிருக்கிறார்கள். 1942-இல் கிரெஸ்பி என்ற உளவியலாளர், ஓடி முடித்தால் 256 துணுக்கு உணவு பெற்றுப் பழகிய எலிகளுக்கு 16 துணுக்குதான் என்று குறைத்தார், அவை முன்பைவிட மெதுவாக ஓடினதோடு நிற்கவில்லை, ஆரம்பத்திலிருந்தே 16 மட்டும் வாங்கிய எலிகளைவிடவும் மெதுவாக ஓடின. பார், கையில் கிடைப்பது இரண்டுக்கும் ஒன்றுதான், நேற்று கிடைத்ததுதான் வேறு. 32 சதவீதச் சர்க்கரைக் கரைசலிலிருந்து 4 சதவீதத்துக்கு இறக்கினாலும் இதே கதை, எப்போதும் 4 குடித்தவற்றைவிடக் குறைவாகத்தான் நக்கும்.

எனக்கு ஆச்சரியம் தந்தது வேறொன்று. தங்கமீன்களுக்கு 40 புழுவை 4 ஆகக் குறைத்தபோது அவை கண்டுகொள்ளாமல் முன்போலவே நீந்தி வந்தன. ஆனால் 40 சதவீதச் சர்க்கரைக்குப் பழகிய தேனீக்கு 20 சதவீதம் வைத்தால், குடிப்பதை நடுவில் நிறுத்தி நிறுத்தி எழுந்துபோகிறது! இரண்டையும் செய்து பார்த்தது பிட்டர்மன் என்ற உளவியலாளரின் குழுதான். இத்தனூண்டு மூளைக்குள் நேற்றைய இனிப்பு தங்கியிருக்கிறது என்பதை என்னால் சாதாரணமாகக் கடந்துபோக முடியவில்லை.

எலிகளிடம் இந்த ஏமாற்றம் சில நாளில் தணிந்துவிடுகிறது. ஆகவே ஜிம்மியைத் திட்டாதே. தீனியோடு கொஞ்சம் கறியைக் கலந்து தினமும் குறைத்துக்கொண்டே வா, ஒரேயடியாக நிறுத்தினதுதான் நீ செய்த தவறு என்று நினைக்கிறேன். முழுசாக ஒரு நாள் எதையுமே தொடவில்லையென்றால் மட்டும் தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டு, காய்ச்சல் மிச்சம் இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை போன் செய்கிறேன், தட்டு காலியானதா என்று சொல்.

அன்புடன்,
உன் நண்பன்