மெத்தையிலை சார்ஜ் போடாதை, மோனை

அன்புள்ள மகனுக்கு,

மூண்டு கிழமைக்குப் பிறகு நீ செய்த ரோச் லைற்றின்ரை படம் வந்தது. அம்மா பெருப்பிச்சுப் பெருப்பிச்சுப் பாத்தா. ஈயப்பற்று நல்ல நேர்த்தி. ஆனா அந்த லித்தியம் பற்றரி மெத்தையிலை கிடந்து சார்ஜ் ஏறுது. சீமெந்துத் தரையிலை வை. நித்திரை கொள்ளேக்கை போடாதை.

படம் வரேக்கை இஞ்சை புதன்கிழமை இரவு ஒன்பதரை, உங்கை நடுப்பகல். லீவாக்கும் எண்டு அம்மாவுக்குச் சொன்னன்.

அஞ்சு எல்.ஈ.டி.க்கும் சேத்து கரண்டை மட்டுப்படுத்த ஒரே ஒரு 10 ஓம் றெசிஸ்ரர் போட்டிருக்கிறாய். கணக்குச் சரி: பற்றரியின்ரை 4.2 இலை எல்.ஈ.டி.யின்ரை 3.2 போனா மிச்சம் 1 வோல்ற், அதை 10 ஓமாலை பிரிச்சா 100 மில்லியம்பியர். ஆனா ஒரு வயித்துப் பிள்ளையளே ஒண்டுபோலை இல்லை. கொக்கா ஞாயிறெண்டா போன் எடுப்பா. அஞ்சிலை 3.1 வோல்ற்றிலை எரியிறது கூட இழுத்துச் சுடும். சுட்டா அதின்ரை வோல்ற் இன்னும் இறங்கும், இன்னும் இழுக்கும். அது கருகினா அதின்ரை பங்கும் மற்ற நாலிலையும் விழுந்து ஒண்டொண்டாப் போகும். இப்பவே இடக்கரையிலை உள்ளது கூட வெளிச்சம். ஒவ்வொண்டுக்கும் தனியா 47 ஓம் போடு. பற்றரி இறங்க வெளிச்சம் மங்கும், மங்கட்டும்.

பழைய லப்ரொப் பற்றரிக்குள்ளை இருந்து உருளையைக் கழட்டினனீ எண்டா முதல் அந்த உருளையிலை மீற்றர் வைச்சுப் பார். 2 வோல்ற்றுக்குக் கீழை கிடந்தா சார்ஜ் போடவே கூடாது. நேர்முனையைச் சுத்தின விளிம்பும் எதிர்முனைதான்; மேலுறை கிழிஞ்சா அந்த இடத்திலையே சோட் ஆகும். பற்றரியிலை நேரா ஈயம் வைக்காதை, சூடு உள்ளுக்குப் போகும். ரி.பி.4056 எண்ட சார்ஜ் போடுற பலகையிலை பாதுகாப்பு உள்ளதா வாங்கி, லைற் வயரை அவுட் முனையிலை குடு. அதிலை இருக்கிற 1.2 கிலோ ஓம் றெசிஸ்ரருக்குச் சார்ஜ் 1 அம்பியர் போகும். பழசுக்கு அது கூட. 2.4 கிலோ ஓமா மாத்தினா அரை அம்பியர். மெத்தையிலை மட்டும் வேண்டாம்.

ஏ.எல். சோதினை நேரம் காணாமப் போன உன்ரை பெட்டியைக் கள்ளன் கொண்டுபோகேல்லை. பழைய இரும்புக்காரனுக்குக் குடுத்தது நான்தான். நீ சுத்தின கொயிலும் அதுக்குள்ளைதான் இருந்தது. அம்மாவுக்கும் தெரியாது.

அந்தக் கொயிலைத் திரும்பச் செய்யலாம், ஓய்ஞ்ச பற்றரியிலையும் எல்.ஈ.டி. எரிக்க. பழுதான சி.எவ்.எல். பல்ப்புக்குள்ளை காந்தத்திலை ஒட்டிற சின்னப் பெரைற் வளையம் இருக்கும். ரெண்டு நிற வயரைச் சேத்துப் பிடிச்சு 20 சுத்து. ஒண்டின்ரை தொடக்கத்தையும் மற்றதின்ரை முடிவையும் முறுக்கி 1.5 வோல்ற் பற்றரியின்ரை நேர்முனைக்குக் குடு. மிச்ச ரெண்டு நுனியிலை ஒண்டு 1 கிலோ ஓமுக்காலை ட்ரான்சிஸ்ரரின்ரை பேஸ் எண்ட காலுக்கு, மற்றது கலெக்ரர் காலுக்கு. மூண்டாம் கால் எமிற்றர் பற்றரியின்ரை எதிர்முனைக்கு. எல்.ஈ.டி.யின்ரை நீட்டுக்கால் கலெக்ரரிலை, கட்டைக்கால் எமிற்றரிலை. எரியாட்டி ஒரு சுருளின்ரை ரெண்டு நுனியையும் மாத்திப் பார். அனேகமா அதிலைதான் பிழை. எனாமல் வயரெண்டா நுனியைச் சுரண்ட மறக்காதை. மணிக்கூட்டிலை கழட்டி எறியிற பற்றரியிலையும் எரியும்.

எரிஞ்சா படம் அனுப்பு. பகலிலை எண்டாலும் பரவாயில்லை.

அப்பா