ஒகவாங்கோ கூடாரம்: மழையைப் பார்க்காதீர்கள், தண்ணீரைப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

போட்ஸ்வானா நாட்டின் ஒகவாங்கோ சதுப்புநிலத்தில் கூடாரத்தில் தங்குவது பற்றி, சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தோம். படங்கள் அருமை. ஆனால் அங்கே மழைக்காலத்தில்தான் தண்ணீர் நிரம்பியிருக்கும், படகில் போக அதுவே ஏற்ற காலம் என்று அதில் ஒரு வரி இருந்தது. அதை நம்பி டிசம்பருக்கு டிக்கெட் போட்டால், லட்சக்கணக்கில் செலவழித்துப் போய் வெள்ளம் வடிந்த புல்வெளியைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். திருவொற்றியூரிலிருந்து ஆப்பிரிக்கப் பயணங்களுக்கு ஆட்களை அனுப்பும் தொழிலில் இருப்பதால் இந்தத் திருத்தத்தை எழுதுகிறோம்.

ஒகவாங்கோவை நிரப்புவது அங்கே பெய்யும் மழை அல்ல. அங்கோலாவின் மேட்டு நிலங்களில் ஆண்டின் தொடக்கத்தில் கொட்டுகிற மழைதான். பூண்டியைத் திறந்தால் ஓரிரு நாளில் கொசஸ்தலையாற்றுத் தண்ணீர் எண்ணூருக்கு வந்துவிடுகிறது. அங்கே கதை வேறு. நிலம் கிட்டத்தட்ட தட்டை, வழியெல்லாம் நாணலும் பாப்பிரஸ் கோரையும். தண்ணீர் ஊர்ந்து ஊர்ந்து மார்ச், ஏப்ரல் வாக்கில் சதுப்புநிலத்தின் வடக்கு முனைக்கு வருகிறது. தெற்கே மவுன் நகரத்தைத் தொட ஜூன், ஜூலை ஆகிவிடும். உள்ளூர் மழை நவம்பர் முதல் மார்ச் வரை. ஆக, வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லாத மாதங்களில்தான் வெள்ளம் வரும். மழை பெய்யும் மாதங்களில் முந்தைய ஆண்டின் வெள்ளம் வடிந்து கிடக்கும். இந்தத் தண்ணீரைக் கொண்டுவரும் ஒகவாங்கோ ஆறு கடலுக்கும் போவதில்லை. பெரும்பகுதி ஆவியாகிறது, மிச்சம் கலஹாரி மணலில் இறங்குகிறது. எண்ணூர் கழிமுகத்தைப் பார்த்துப் பழகியவர்கள் உப்புத் தண்ணீரை எதிர்பார்ப்பார்கள். இது முழுக்க நன்னீர். அந்த நாட்டின் பணத்துக்குப் புலா என்று பெயர். அவர்கள் மொழியில் மழை என்று பொருள். மழை அங்கே எவ்வளவு அருமையான சரக்கு என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

படகுக்காகப் போகிறவர் ஜூன் முதல் ஆகஸ்டுக்குள் போக வேண்டும். செப்டம்பர், அக்டோபரில் தண்ணீர் சுருங்கி, விலங்குகள் மிச்சமுள்ள ஓடைகளில் குவியும். பார்க்க நல்ல காலம், ஆனால் அக்டோபர் வெயில் 40 டிகிரியைத் தொடும். நவம்பருக்குப் பிறகு வலசைப் பறவைகளும் குட்டிகளும் உண்டு, கட்டணமும் குறையும். சேற்றில் வண்டி மாட்டுவதும் அப்போதுதான். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு விடுமுறை ஏப்ரல், மே. அந்த மாதங்களில் தெற்குப் பகுதி முகாம்களுக்கு வெள்ளம் வந்திருக்காது. அதனால் முன்பணம் கட்டுவதற்கு முன் ஒரே கேள்வி கேளுங்கள்: முகாம் இருப்பது ஆண்டு முழுக்க நிற்கும் நிரந்தரத் தண்ணீரிலா, வெள்ளத்தோடு வந்து வடியும் பருவத் தண்ணீரிலா? பதில் சுற்றி வளைத்து வந்தால் வேறு முகாம் பாருங்கள். எல்லா ஆண்டும் ஒன்றுபோல் இருக்காது என்பதும் நினைவிருக்கட்டும். 2019-ல் மவுன் வழியாக ஓடும் தமலகானே ஆறே வறண்டு கிடந்தது.

அடுத்தது மூட்டை. மவுனிலிருந்து முகாமுக்குப் பெரும்பாலும் செஸ்னா வகைக் குட்டி விமானத்தில்தான் போக வேண்டும். கைப்பை, கேமரா எல்லாம் சேர்த்துத் தலைக்கு 20 கிலோ. சில நிறுவனங்கள் 15 என்பார்கள். எடையைவிடப் பெரிய சிக்கல் பையின் வடிவம். விமானத்தின் அடிவயிற்றில் ஒரு சின்னப் பொந்து இருக்கும், அதற்குள்தான் திணிப்பார்கள். சக்கரம் வைத்த பெட்டி, கம்பிச் சட்டம் உள்ள பை மடங்காது, நுழையாது. பெட்டியை மவுனிலேயே விட்டுவிட்டு பாலிதீன் கவரில் துணியோடு ஏறுகிறவர்களும் உண்டு. பாரிமுனைப் பக்கம் கிடைக்கிற சாதாரண கான்வாஸ் பை போதும். ஆள் எடையையும் முன்கூட்டியே கேட்பார்கள். 100 கிலோவைத் தாண்டினால் இன்னொரு இருக்கைக்குப் பணம் கட்ட நேரலாம். கூச்சப்பட்டுக் குறைத்துச் சொல்லாதீர்கள். மண் ஓடுபாதையில் எவ்வளவு தூரம் ஓடி எழும்ப வேண்டும் என்று விமானி கணக்குப் போடுவது அந்த எண்ணை வைத்துத்தான்.

கூடாரத்தைப் பற்றித்தான் கட்டுரையில் போதுமான விவரம் இல்லை. சின்ன முகாம் என்றால் பத்துக்கு முன்னே பின்னே கூடாரங்கள். தரையிலிருந்து உயர்த்திய மரப்பலகை மேடை, அதன்மேல் தடித்த கான்வாஸ், சன்னலுக்குக் கொசுவலை. சுற்றிலும் வேலி கிடையாது. யானையும் நீர்யானையும் மேடைக்குப் பக்கத்திலேயே மேயும். கான்வாஸ் அவற்றைத் தடுக்கும் பலமுள்ள பொருள் அல்ல. மூடிய கூடாரத்தை அவை ஒரு கட்டையான உருவமாகப் பார்த்து ஒதுங்கிப் போகின்றன, அவ்வளவுதான். அதனால் ஜிப்பைத் திறந்து போட்டுத் தூங்கக் கூடாது. உணவுப் பொருள் உள்ளே இருக்கவே கூடாது. வழிக்கு என்று கட்டிக்கொண்டு போகும் எள்ளுருண்டை, முறுக்கு, பழம் எல்லாவற்றையும் முகாமில் இறங்கியதும் சமையலறையில் கொடுத்துவிடுங்கள். யானையின் மூக்கு லேசுப்பட்டதல்ல. பகலில் குரங்குத் தொல்லை. இரண்டு ஜிப் தலைகளையும் சேர்த்து ஒரு கொக்கி போட்டால்தான் பபூன் குரங்கு திறக்காமல் இருக்கும். செருப்பை வெளியே விட்டால் கழுதைப்புலி தூக்கிப்போய்விடும். தோல் செருப்பென்றால் அதற்கு விருந்து.

அந்த ஜிப்பும் ஒரு தனிச் சங்கதி. கலஹாரி மணல் மாவுபோல நைசானது. பல்லுக்கிடையே ஏறி நகரவிடாது. அவசரத்தில் பலமாக இழுத்தால் ஜிப் தலை லேசாக வாய் பிளந்துவிடும். அதன்பிறகு தலை ஓடும், ஆனால் பின்னாலேயே பல் பிரிந்துகொண்டு வரும். இரவில் கொசுவுக்கு அது வாசல். பழைய பல் துலக்கும் பிரஷால் மணலைத் தட்டிவிட்டு, மெழுகுவத்தியைப் பல் வரிசையில் மேலும் கீழும் தேயுங்கள். எண்ணெய் போடாதீர்கள், மணல் இன்னும் ஒட்டும். வாய் பிளந்த ஜிப் தலையைக் குறடால் இரு பக்கமும் மெல்ல நெரித்தால் பெரும்பாலும் சரியாகும். மழைக்காலத்தில் போகிறவர்களுக்கு இன்னொன்று: நனைந்த கான்வாஸின் உட்புறத்தில் பையோ தலையணையோ சாய்ந்திருந்தால், அந்த இடத்தில் தண்ணீர் கசிந்து உள்ளே இறங்கும். கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள்.

குளியல் நமக்குப் பழக்கமானதுதான். பல முகாம்களில் கப்பியில் தொங்கும் 20 லிட்டர் வாளி, அடியில் பூவாளி மூக்கு. பணியாளர் வெந்நீர் ஊற்றி மேலே ஏற்றுவார். நனைந்ததும் மூடி, சோப்புப் போட்டுவிட்டு மறுபடி திறக்க வேண்டும். திறந்தே விட்டால் தலையில் நுரையோடு நிற்க வேண்டியதுதான்.

இருட்டிய பிறகு பத்தடி தூரமென்றாலும் துணையாள் வராமல் கூடாரத்தை விட்டு இறங்கக் கூடாது. பகலெல்லாம் தண்ணீரில் கிடக்கும் நீர்யானை, மேய்வதற்காக இரவில் கரையேறும். அதற்கும் தண்ணீருக்கும் நடுவே ஆள் நின்றால் விலகிப் போகாது, ஆள்மீதேதான் ஓடும். கூடாரத்தில் வைத்திருக்கும் ஊதுகொம்பு உண்மையான ஆபத்துக்கு மட்டும். காபி கேட்க ஊதினவர்களும் உண்டு என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மொகோரோ என்பது அங்கத்திய மரத்தோணி. கருங்காலி இனத்து மரத்திலும், காய் நீளமாகத் தொங்குமே, நம்மூரில் யானைப்புடுக்கு என்பார்களே, அந்த மரத்திலும் குடைந்து செய்தார்கள். ஒரு தோணிக்கு ஒரு பெரிய மரம் போகிறது என்பதால், காசிமேட்டில் கட்டுமரம் போய் பைபர் போட் வந்ததுபோல அங்கேயும் பைபருக்கு மாறிவருகிறார்கள். தோணிக்காரர் பின்னால் நின்று நீளக் கழியால் தள்ளுவார். முன்னால் இரண்டு பேர். விளிம்பு தண்ணீருக்கு ஒரு சாண் மேலேதான் இருக்கும். எழுந்து நின்று படமெடுத்தால் மூன்று பேரும் தண்ணீரில். எண்ணூர் முகத்துவாரத்தில் நீந்தி வளர்ந்தவர்களுக்குத் தண்ணீரைப் பார்த்ததும் கை துறுதுறுக்கும். அங்கே முதலை இருக்கிறது, நீச்சல் தெரிவதால் பயனில்லை. கையைத் தொங்கப்போடுவதுகூட வேண்டாம். நீர்யானை வாயை அகலத் திறந்தால் கொட்டாவி என்று நினைத்துப் படமெடுக்காதீர்கள். "கிட்ட வராதே" என்று அது சொல்கிறது.

உடைக்கு வருவோம். ஜூன், ஜூலை அதிகாலையில் 10 டிகிரிக்குக் கீழே போகும். திறந்த வண்டியில் காற்று வேறு. மார்கழிக்கே மப்ளர் சுற்றுகிற நமக்கு ஸ்வெட்டர், காற்றைத் தடுக்கும் மேல்சட்டை, காது மூடும் குல்லா மூன்றும் வேண்டும். பத்து மணிக்குள் வெயில் ஏறி எல்லாவற்றையும் கழற்றிவிடுவீர்கள். நீலமும் கறுப்பும் கூடாது, செட்சி ஈ கடிக்கும் என்று கட்டுரையில் இருந்தது. டான்சானியா, சாம்பியா போகிறவர்களுக்கு அது சரி. ஒகவாங்கோவில் 2001, 2002-ல் விமானம் மூலம் மருந்து தெளித்து அந்த ஈயை ஒழித்துவிட்டார்கள். விட வேண்டியது ராணுவ உடுப்பு மாதிரி திட்டுத்திட்டான துணியை. அங்கே அது வம்பு.

மலேரியா உண்டு. தடுப்பு மாத்திரையைக் கிளம்பும் முன்பே தொடங்கி, திரும்பிய பிறகும் முடிக்க வேண்டும். அட்டோவாகுவோன்-புரோகுவானில் என்றால் திரும்பி 7 நாள், டாக்சிசைக்ளின் என்றால் 4 வாரம். எது என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். ஊருக்கு வந்ததும் நிறுத்திவிடுவதுதான் வழக்கமான தவறு. மஞ்சள் காய்ச்சல் போட்ஸ்வானாவில் இல்லை. ஆனால் வழியில் கென்யா, எத்தியோப்பியாவில் இறங்கி ஊரைச் சுற்றிவிட்டு வந்தால், சென்னை விமான நிலையத்தில் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். ஊசி போட்டு 10 நாள் கழித்தே சான்று செல்லுபடியாகும், அதன்பின் ஆயுளுக்கும் போதும். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். நமக்குப் பக்கம் ராஜாஜி சாலைத் துறைமுக சுகாதார அலுவலகம்.

கட்டுரையின் கடைசியில், பழவேற்காட்டிலும் இப்படி ஒரு முகாம் அமைக்கலாமே என்று ஆசைப்பட்டிருக்கிறார்கள். எங்களுக்கும் ஆசைதான். ஆனால் ஒகவாங்கோவில் ஆள் குறைவு, கட்டணம் அதிகம் என்பதை 1990-லேயே அரசுக் கொள்கையாக்கினார்கள். முகாம்கள் சின்னதாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். மொகோரோவில் இரண்டு பேருக்கு மேல் ஏற்றுவதில்லை. பழவேற்காட்டில் 2011 கிறிஸ்துமஸ் அன்று அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை வடசென்னை மறக்கவில்லை. பூநாரை வருவதும் வடகிழக்குப் பருவமழையை ஒட்டித்தான். கூடாரம் போடும் காலமும் புயல் அடிக்கும் காலமும் ஒன்றாகிவிடும். ஆகவே முளைக்குச்சி அடிக்கும் முன் கேட்க வேண்டியவை சில: மொத்தம் எத்தனை படுக்கை? ஜெனரேட்டர் ஓடுமா? பறவைக் கூட்டத்திலிருந்து படகு எவ்வளவு தள்ளி நிற்கும்? வலை விரிக்கும் இடங்களின் (பாடு என்பார்கள்) குறுக்கே போகாமல் இருக்க மீனவர்களிடம் யார் பேசியது? கழிப்பறைத் தண்ணீர் எங்கே போகும்? அந்த மணலில் சில அடி தோண்டினாலே ஊற்று வந்துவிடுகிறது. உறிஞ்சுகுழி என்று யாராவது பதில் சொன்னால், அது ஏரிக்கே போகும் என்றுதான் அர்த்தம். மூடிய தொட்டியில் பிடித்து, படகிலோ லாரியிலோ வெளியே கொண்டுபோகும் செலவையும் சேர்த்து ஒரு கூடாரத்துக்கு என்ன வாடகை வரும் என்று கணக்குப் போட்டு, அதையும் உங்கள் இணைப்பில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர்கள் இருவர்,
திருவொற்றியூர், சென்னை – 19