பொருள்: கிளட்ச் ஸ்லிப் ஆனதற்கு என் மேல் பழி போட்டு ஜாப் கார்டில் (சர்வீஸ் வேலைச் சீட்டில்) எழுதியதை நீக்கக் கோரி

வாடிக்கையாளர் சேவைப் பிரிவு மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். என் மோட்டார் சைக்கிளின் பதிவெண், சேஸிஸ் எண், ஐந்து மாதமாக நான் கொடுத்த நான்கு புகார்களின் எண்கள் எல்லாம் உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கின்றன. வண்டி உங்கள் நிறுவனத் தயாரிப்பு, அதன் கிளட்ச்சில் எது எங்கே இருக்கிறது என்று என்னைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். மறுபடியும் முதலிலிருந்து சொல்ல எனக்குத் தெம்பில்லை. ஆனாலும் இந்த ஒரு கடிதத்தையாவது யாராவது கடைசிவரை படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டாவது சர்வீஸில் கிளட்ச் கேபிள் மாற்றினார்கள். அதற்குப் பிறகுதான் பிரச்சினை. டாப் கியரில் ஆக்சிலரேட்டரை முறுக்கினால் இன்ஜின் அலறுகிறது, ஆர்பிஎம் முள் ஏறுகிறது, வண்டி மட்டும் அதே வேகத்தில் போகிறது. மேட்டில் ஏறவே ஏறாது. இது கிளட்ச் ஸ்லிப், அதாவது இன்ஜினின் இழுவை சக்கரத்துக்கு முழுசாகப் போகாமல் கிளட்ச் பிளேட்டுகள் வழுக்குவது என்று சொல்ல மெக்கானிக்காக இருக்க வேண்டியதில்லை.

உங்கள் சர்வீஸ் சென்டரில் அதைச் சோதித்த விதத்தைக் கேளுங்கள். வாசலில் இருந்து கேட் வரைக்கும் முதல் கியரில் ஓட்டிப் பார்த்துவிட்டு "நல்லாத்தானே இருக்கு" என்றார் சூப்பர்வைசர். ஸ்லிப் முதல் கியரில் தெரியாது, டாப் கியரில் லோடு ஏறும்போதுதான் தெரியும் என்றேன். பின்னால் உட்காருங்கள், நானே ஓட்டிக் காட்டுகிறேன் என்றும் கூப்பிட்டேன். அதற்கு அவர், நான்கு வாடிக்கையாளர்கள் முன்னால், "ஹாஃப் கிளட்ச்சிலேயே ஓட்டினா தேயத்தான் செய்யும். முதல்ல ஓட்டக் கத்துக்கிட்டு வாங்க" என்றார். அதாவது கிளட்ச் லிவரைப் பாதி பிடித்தபடியே நான் ஓட்டுகிறேனாம். நான் 22 வருஷமாக வண்டி ஓட்டுகிறேன். இதற்கு முன் எந்த வண்டியிலும் கிளட்ச் பிளேட் இப்படிப் போனதில்லை. அவர் சொன்னதோடு விடவில்லை, ஜாப் கார்டிலும் 'ஓட்டுநர் பழக்கத்தால் தேய்மானம்' என்று எழுதிவிட்டார். வாரண்டி கிடையாது என்பதற்கு அந்த ஒரு வரியைத்தான் இன்றுவரை எல்லோரும் எனக்குப் படித்துக் காட்டுகிறார்கள்.

போனில் பேசியவர் ஆயில் மாற்றச் சொன்னார். மாற்றினேன். டப்பாவில் ஜாசோ எம்ஏ2 (பைக் கிளட்ச்சுக்கு ஏற்ற ஆயிலின் தரக்குறி) என்று பார்த்துத்தான் வாங்கினேன், கார் ஆயில் ஊற்றவில்லை. வடித்த பழைய ஆயிலில் கருகிய வாடை அடித்தது. ஸ்லிப் நிற்கவில்லை.

சரி, இனி உங்களை நம்பிப் பயனில்லை என்று வீட்டிலேயே பார்த்தேன். முதலில் கிளட்ச் லிவர். உங்கள் மேனுவலில் லிவர் நுனி 10 முதல் 15 மில்லிமீட்டர் சும்மா ஆட வேண்டும் என்று போட்டிருக்கிறது. என் வண்டியில் ஒரு மில்லிமீட்டர்கூட ஆடவில்லை. இன்ஜின் பக்கத்து அட்ஜஸ்டரைக் கடைசி மரை வரை திருகி லாக்நட் போட்டிருந்தார்கள். கேபிள் அப்படி விறைத்து நின்றால், நான் லிவரைத் தொடாதபோதும் கிளட்ச் பிளேட்டுகளை அழுத்திப் பிடிக்கும் ப்ரஷர் பிளேட்டை அது கொஞ்சம் தள்ளிக்கொண்டே இருக்கும். ஸ்பிரிங் முழுசாக அழுத்தாது, பிளேட்டுகள் வழுக்கும், சூடாகும், கருகும். ஹாஃப் கிளட்ச்சில் ஓட்டியது நான் இல்லை ஐயா. உங்கள் ஆட்கள் வண்டியையே ஹாஃப் கிளட்ச்சில் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

லிவர் சும்மா ஆடும்படி அட்ஜஸ்டரைச் சரிசெய்து ஓட்டிப் பார்த்தேன், பாதிதான் சரியானது. அதற்குள் பிளேட்டுகள் போய்விட்டிருந்தன. வலது பக்கக் கவரைக் கழற்றினேன். ஃப்ரிக்ஷன் பிளேட்டுகள் கறுத்துக் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தன. ஸ்டீல் பிளேட்டுகளில் நீலத் திட்டுகள். ஒவ்வொன்றையும் ஒரு தடித்த கண்ணாடி மேல் வைத்து இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை அடியில் விட்டுப் பார்த்தேன், இரண்டு பிளேட் வளைந்திருந்தது. நான்கு ஸ்பிரிங்குகளையும் வெர்னியரில் அளந்தேன், நான்குமே மேனுவல் சொல்லும் கடைசி அளவைவிடக் குட்டை.

அப்புறம் ஆரம்பித்ததுதான் பெரிய கொடுமை. பாகம் இருக்கிறது என்று போனில் சொன்னதை நம்பிப் போனால் வேறு மாடலின் பிளேட்டை எடுத்து வைக்கிறார்கள். அடுத்த முறை ஆறு பிளேட் வேண்டிய இடத்தில் ஐந்து. மூன்றாவது முறை எல்லாம் இருந்தது, கவரில் ஆயில் கசியாமல் தடுக்கும் கேஸ்கெட் இல்லை. பழையது கழற்றும்போதே கிழிந்துவிட்டது. காகிதம் மாதிரி இருக்கும் அந்த ஒரு கேஸ்கெட்டுக்காக என் வண்டி பதினோரு நாள் வயிற்றைத் திறந்துபோட்டுக்கொண்டு நின்றது. வேலைக்குத் தினமும் தாமதம். இந்த ஐந்து மாதத்தில் நான் உருப்படியாக ஒரு காரியம் செய்யவில்லை, என் நிம்மதியே போய்விட்டது.

புதுப் பிளேட்டுகளை ஆயிலில் இரவு முழுக்க ஊறவைத்து, ஸ்பிரிங் போல்ட்டுகளைக் குறுக்குக் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கி, நானேதான் மாட்டினேன். இப்போது டாப் கியரில் முறுக்கினால் வண்டி இழுக்கிறது. ஓட்டுகிற ஆள் மாறவில்லை, கை மாறவில்லை. பிறகு எப்படி அது என் பழக்கம்?

உங்கள் நிறுவனத்தின் மேல் எனக்குப் பகை இல்லை. நல்ல வண்டி என்று நான் சொல்லி என் மச்சானும் அதே மாடலை வாங்கியிருக்கிறார். அதனால் பணிவாகக் கேட்கிறேன்: ஜாப் கார்டில் இருக்கும் அந்த வரியை நீக்குங்கள். பிளேட், ஸ்பிரிங், கேஸ்கெட், ஆயில் எல்லாவற்றின் செலவையும் திருப்பித் தாருங்கள். அந்த சூப்பர்வைசர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். அதை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். 15 நாளில் பதில் வராவிட்டால் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போவேன். வக்கீலிடம் பேசியாகிவிட்டது. அந்த அளவுக்குப் போக வைக்காதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

பின்குறிப்பு: கருகிய பிளேட்டுகளையும் ஸ்பிரிங்குகளையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். தொடுவதற்கு முன் எடுத்த அட்ஜஸ்டரின் போட்டோவும் இருக்கிறது. லாக்நட் எங்கே நிற்கிறது என்று அதில் தெளிவாகத் தெரியும். உங்கள் இன்ஜினியர் யாராவது பார்க்க வந்தால் காட்டுகிறேன், ஆனால் அந்த சூப்பர்வைசரை அனுப்பாதீர்கள்.