அழிந்த கோப்பை மீட்கவும் கற்றுத்தர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சேலம் வட்டாரக் கல்லூரிகளில் கணினி படித்து வரும் இளைஞர்களில் பலருக்கு நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் ‘கிட்’ மென்பொருளில் கமிட் (மாற்றத்தைப் பதிவு செய்தல்), புஷ் (பதிவை வேறொரு சேமிப்பகத்துக்கு அனுப்புதல்) செய்யத் தெரிகிறது. கோப்பு ஒன்று அழிந்துபோனால் அதை மீட்கும் வழி தெரிவதில்லை. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் உருவாக்கிய இந்த மென்பொருளின் பெரும்பயனே பழைய நிலைக்குத் திரும்ப முடிவதுதான் என்பதால், இக்குறையைச் சிறிதென்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக்கடைகளுக்கான பில் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். ‘பில்லிங்’, ‘பில்லிங் புதுசு’, ‘பில்லிங் கடைசி’ என ஒரே நிரல் மூன்று கோப்புறைகளில் கிடக்க, கொலுசின் செய்கூலி, சேதாரக் கணக்கு எதில் சரியாக இருக்கிறது என்று ஒவ்வொரு கோப்பாகத் திறந்து பார்க்கிறார்கள். ‘கிட் டிஃப்’ கட்டளையுடன் ‘நோ இண்டெக்ஸ்’ என்பதைச் சேர்த்தால், கிட் கட்டுப்பாட்டில் இல்லாத இரு கோப்புறைகளைக்கூட ஒப்பிடலாம். ‘நேம் ஸ்டேட்டஸ்’ என்பதையும் சேர்த்தால் மாறியவை, புதியவை, இல்லாமற்போனவை எவை என்று பட்டியலே வந்துவிடும். கட்டளை தட்டப் பழகாதவர்களுக்கு, கோப்புறைகளைத் திரையில் ஒப்பிட்டுக் காட்டும் இலவச மென்பொருளான வின்மெர்ஜ் இருக்கிறது.

மீட்பதில்தான் குழப்பம் மிகுதி. ஏற்கெனவே கிட்டில் பதிந்திருந்த கோப்பைச் சாதாரணமாக அழித்து, அந்த அழிப்பை இன்னும் கமிட் செய்யாதிருந்தால், ‘கிட் ரெஸ்டோர்’ என்று அதன் பெயரைக் கொடுத்ததும் திரும்பிவிடும். ‘கிட் ஆர்எம்’ மூலம் நீக்கியிருந்தால் இண்டெக்ஸிலிருந்தும் (அடுத்த கமிட்டுக்கான தயார்ப் பட்டியல்) அது போய்விடுவதால், ‘கிட் ரெஸ்டோர்’ கட்டளையுடன் ‘ஸ்டேஜ்டு’, ‘ஒர்க்ட்ரீ’ இரண்டையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். நீக்கியதைக் கமிட்டும் செய்துவிட்டால், எந்தக் கமிட்டில் நீங்கியது என்று ‘கிட் லாக்’ வழியே கண்டுபிடித்து, அதற்கு முந்தைய கமிட்டிலிருந்து அந்தக் கோப்பை மட்டும் எடுக்கலாம். முழுக் கமிட்டையும் ‘ரிவர்ட்’ செய்தால், அதாவது அதன் மாற்றங்கள் அனைத்தையும் திருப்பினால், அதிலிருந்த நல்ல திருத்தங்களும் சேர்ந்தே போய்விடும். ஒருமுறைகூட ‘ஆட்’ செய்யாத, அதாவது கிட்டில் சேர்க்கவே செய்யாத, கோப்பை கிட்டால் மீட்டுத்தர இயலாது என்பதையும் மாணவர்களுக்கு அழுத்திச் சொல்ல வேண்டும்.

எனவே, ஆய்வக வகுப்பில் ஒரு கோப்பை வேண்டுமென்றே அழிக்கச் செய்து, மேற்சொன்ன ஒவ்வொரு நிலையிலும் மாணவரே அதை மீட்டுக் காட்டும் பயிற்சியைக் கல்லூரிகள் சேர்க்க வேண்டும். செய்முறைத் தேர்விலும் இதற்கு மதிப்பெண் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கணினிப் பயிற்றுநர் ஒருவர்,
அஸ்தம்பட்டி, சேலம்.