தஞ்சை–கும்பகோணம் கல்லூரி ஹாக்கி: செய்தி அனுப்பும் முன்

உறுப்பினர்களுக்கு வணக்கம். ஆட்டம் முடிந்ததும் நிருபருக்கு ஸ்கோரை மட்டும் தட்டிவிடாதீர்கள். கோல் அடித்தவர், நிமிடம், ஃபீல்டு கோலா (ஆட்டப் போக்கில் அடித்தது) பெனால்டி கார்னரா (எதிரணியின் தவறுக்காகக் கிடைப்பது) என்பதையும் எழுதுங்கள். கார்னரில் பந்தைத் தள்ளியவர், நிறுத்தியவர் பெயர்களும் சேரட்டும். அவர்களை யாரும் எழுதுவதே இல்லை, இது அநியாயம்.

கார்னரில் முதல் ஷாட் ஹிட்டாக (மட்டையை வீசி அடிப்பது) இருந்தால், கோல் கோட்டைக் கடக்கும்போது பந்து 460 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. கோலின் அடியில் இருக்கும் பலகையின் உயரம் அதுதான். பந்தை மட்டையால் இழுத்துத் தூக்கி எறியும் டிராக் ஃபிளிக்குக்கு இந்த வரம்பு இல்லை. நடுவரைத் திட்டும் முன் இதைக் கவனியுங்கள்.

நம்ம களிமண் மைதானம் காய்ந்து வெடித்தால் பந்து குதிக்கும், ஸ்டாப் தவறும். அதற்காக எந்த வீரரையும் ஸ்டேட்டஸில் கேலி செய்ய வேண்டாம்.

பச்சை அட்டை வாங்கியவர் 2 நிமிடம், மஞ்சள் வாங்கியவர் குறைந்தது 5 நிமிடம் வெளியே இருந்துவிட்டுத் திரும்பலாம். திரும்பவே முடியாத சிவப்புக்கு மட்டுமே ‘வெளியேற்றம்’ என்று எழுதுங்கள்.